டீக்கடை கம்பெனி கட்டிய கம்ப்யூட்டர்

ஆபீஸ் வேலையை முதன் முதலாகக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்த ஸ்தாபனம் எது? இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலோர் ஏதாவது ஒரு பெரிய பாங்கின் பெயரைச் சொல்வார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி என்பார்கள் சிலர். அமெரிக்க ராணுவம் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. விடை இவற்றில் ஒன்றுமில்லை. லண்டன் நகரில் டீயும் பன்னும் கேக்கும் விற்று வந்த ஒரு கம்பெனிதான் அது!

ஜே. லயன்ஸ் கம்பெனி என்பது அதன் பெயர். 1951-ம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில், அந்தக் கம்பெனியின் பேக்கரிக் கணக்கை வாரந்தோறும் போடும் பொறுப்பை ஒரு கம்ப்யூட்டர் முழுவதுமாக ஏற்றுக் கொண்டது. உலகில் அதற்கு முன் எந்த வியாபார ஸ்தாபனத்திலும் அப்படி நடந்ததில்லை. அந்த யந்திரத்தை லயன்ஸ் கம்பெனியார் யாரிடமும் விலைக்கு வாங்கவுமில்லை. தாங்களே கட்டினார்கள்!

இன்று ஆபீஸ்களும் ஆஸ்பத்திரிகளும் பள்ளிக்கூடங்களும் 'டிஜிட்டல்' ஆகின்றன. கோடிக்கணக்கில் பணம் செலவாகிறது. ஆனாலும் பல இடங்களில் யந்திரம் வந்த பிறகும் 'க்யூ' குறையவில்லை. பழைய நோட்டுப் புத்தகமும் போகவில்லை. இதற்குக் காரணம் என்ன? முக்கால் நூற்றாண்டுக்கு முன் ஒரு டீக்கடை கம்பெனி நடந்து வந்த வழியைப் பார்த்தால் அந்தக் காரணம் ஓரளவு விளங்கும்.

காலணா லாபம்

டீக்கடை என்றதும் தெருமுனையில் பாய்லரும் இரண்டு பெஞ்சுகளும் போட்ட கடையை நினைத்துக் கொள்ளக் கூடாது. லயன்ஸ் கம்பெனியின் முதல் டீக்கடை 1894-ம் ஆண்டில் லண்டனில் பிக்காடிலி வீதியில் திறக்கப்பட்டது. பிறகு கடைகள் பெருகின. உச்ச காலத்தில் 200-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. கறுப்பு உடையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்து பரிமாறிய பெண்களை 'நிப்பி' என்று செல்லமாக அழைத்தார்கள் லண்டன்வாசிகள். துடியாக ஓடியாடி வேலை செய்கிறவள் என்று அதற்குப் பொருள். 'கார்னர் ஹவுஸ்' என்று பெயர் பெற்ற பிரம்மாண்டமான ஓட்டல்களும் அந்தக் கம்பெனிக்கு இருந்தன. பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்ட விருந்துகளுக்குச் சிற்றுண்டி அனுப்பியவர்களும் லயன்ஸ்காரர்களே. ஏறத்தாழ 30,000 பேர் அங்கே சம்பளம் வாங்கினார்கள்.

வியாபாரம் பெரிதுதான்; ஆனால் லாபம்? ஒரு கோப்பை டீயிலும் ஒரு பன்னிலும் கிடைத்தது ஒரு பென்னியின் சிறு பங்குதான். நம் ஊர்க் கணக்கில் காலணா லாபம் என்று சொல்லலாம். அந்தக் காலணாவும் லட்சக் கணக்கான வாடிக்கைக்காரர்களிடமிருந்து வரவேண்டும். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒரு ரசீது; ஒவ்வொரு ரசீதுக்கும் ஒரு பதிவு; பதிவைச் சரிபார்க்க இன்னொரு குமாஸ்தா. காலணாவைக் கணக்குப் பார்க்க அரையணா செலவானால் கம்பெனி என்ன ஆகும்?

இந்தக் கேள்விதான் லயன்ஸ் நிர்வாகிகளைத் தூங்கவிடாமல் செய்தது. விஞ்ஞானத்தின் மேல் அவர்களுக்கு மோகம் என்று நினைக்க வேண்டாம். காலணா பறிபோய் விடக் கூடாதே என்ற கவலைதான் அவர்களைக் கம்ப்யூட்டர் வரை இழுத்துச் சென்றது.

கணித மேதை வந்தார்

1923-ம் ஆண்டில் ஜான் சிம்மன்ஸ் என்ற இளைஞர் லயன்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் கணிதத்தில் உயர்ந்த தேர்ச்சி பெற்றவர். அப்படிப்பட்டவர் கல்லூரிப் பேராசிரியராகவோ அரசாங்க அதிகாரியாகவோ போவதுதான் வழக்கம். கேக் விற்கும் கம்பெனிக்கு அவர் எதற்கு?

கணக்கு எழுதுவதற்காக அவரை எடுக்கவில்லை. கணக்கு எழுதும் முறையையே ஆராய்வதற்காக எடுத்தார்கள். நாளடைவில் சிம்மன்ஸ் கம்பெனியின் நிர்வாகத்தில் மிக முக்கியமான இடத்துக்கு உயர்ந்தார். 1930-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு தனிப் பிரிவு ஏற்பட்டது. 'சிஸ்டம்ஸ் ரிசர்ச்' ஆபீஸ், அதாவது வேலை முறைகளை ஆராயும் ஆபீஸ் என்று அதற்குப் பெயர்.

அந்தப் பிரிவினருக்கு ஒரே வேலைதான். ஆபீஸ் ஆபீஸாகப் போவார்கள். ஒரு காகிதம் எங்கே பிறக்கிறது, யார் யார் கையில் போகிறது, எங்கே போய் அடங்குகிறது என்று பார்ப்பார்கள். "இந்தக் காகிதம் எதற்காக?" என்று கேட்பார்கள். "இத்தனை வருஷமாக எழுதி வருகிறோம்" என்ற பதிலை அவர்கள் ஒப்புக் கொள்ள மாட்டார்கள். வேண்டாத காகிதத்தை நிறுத்துவார்கள். மூன்று பேர் செய்யும் வேலையை ஒருவரிடம் முழுமையாகக் கொடுத்து, அதற்கு அவரையே பொறுப்பாளி ஆக்குவார்கள்.

அப்போது கம்ப்யூட்டர் என்ற யந்திரம் உலகில் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் வருவதற்கு வேண்டிய முக்கியமான காரியம் அப்போதே அங்கே நடந்து கொண்டிருந்தது. தன் வேலை என்ன என்பதை அந்தக் கம்பெனி தானே தெரிந்து கொண்டது!

அமெரிக்காவில் கிடைத்த விலாசம்

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தது. யுத்த காலத்தில் வெளி நாட்டு ஆபீஸ்களில் என்னென்ன புதுமைகள் வந்திருக்கின்றன என்று பார்த்துவர, 1947-ல் தாம்ப்ஸன், ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இரண்டு அதிகாரிகளை லயன்ஸ் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பியது.

அமெரிக்க ஆபீஸ்களில் அவர்கள் பார்த்தவை அவர்களை அவ்வளவாகக் கவரவில்லை. ஆனால் பிரின்ஸ்டன் நகரில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற கணித நிபுணரைச் சந்தித்தார்கள். பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிடுவதற்காக ராணுவத்துக்குக் கட்டப்பட்ட 'எனியாக்' என்ற யந்திரத்தில் பங்கு கொண்டவர் அவர். குண்டுக் கணக்கைப் போடும் யந்திரம் பன் கணக்கைப் போடாதா? இதுதான் அந்த இருவரின் கேள்வி.

கோல்ட்ஸ்டைன் அவர்களை அன்புடன் வரவேற்றுப் பேசினார். கடைசியில் ஒரு செய்தி சொன்னார். இதே போன்ற யந்திரத்தைக் கட்டும் முயற்சி அவர்களுடைய நாட்டிலேயே, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் நடக்கிறது என்றார்! லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜ் ரெயிலில் ஒரு காலைப் பொழுதுப் பயணம். அந்த விலாசத்தைத் தெரிந்து கொள்ள அவர்கள் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்ட வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியதும் இருவரும் கேம்பிரிட்ஜுக்குப் போனார்கள். அங்கே மாரிஸ் வில்க்ஸ் என்ற விஞ்ஞானி 'எட்ஸாக்' என்ற கம்ப்யூட்டரைக் கட்டிக் கொண்டிருந்தார். பணத்துக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு. 1947 அக்டோபரில் தாம்ப்ஸனும் ஸ்டாண்டிங்ஃபோர்டும் டைரக்டர்களுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஒரு யந்திரத்துக்கு ஏறக்குறைய 1,00,000 பவுன் செலவாகும். அதனால் வருஷத்துக்கு 50,000 பவுன் மிச்சமாகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை

டைரக்டர்கள் என்ன செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. "இது விஞ்ஞானிகள் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று அவர்கள் அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டவில்லை. "உடனே கட்டுங்கள்" என்று ஒரு லட்சம் பவுனைத் தூக்கிக் கொடுக்கவுமில்லை. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்குச் சில ஆயிரம் பவுன் நன்கொடை தந்தார்கள். லெனார்ட்ஸ் என்ற தங்கள் ஊழியர் ஒருவரையும் உதவிக்கு அனுப்பி வைத்தார்கள். எட்ஸாக் ஒழுங்காக ஓடினால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று காத்திருந்தார்கள்.

இந்த ஏற்பாட்டினால் இரண்டு பலன்கள். யந்திரம் தோற்றால் கம்பெனிக்கு நஷ்டம் சொற்பம். ஜெயித்தாலோ, அதன் சூட்சுமம் தெரிந்த ஒரு மனிதர் கம்பெனிக்குள்ளேயே இருப்பார்!

1949-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி எட்ஸாக் தன் முதல் கணக்கைப் போட்டது. எண்களின் வர்க்க வாய்பாட்டை அச்சடித்துக் கொடுத்தது. பள்ளிக்கூடத்துப் பையன் போடும் கணக்குத்தான். ஆனால் லயன்ஸ் டைரக்டர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சொந்தமாக யந்திரம் கட்ட அனுமதி பிறந்தது.

அதற்கு முன்பே கம்பெனி ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் விளம்பரம் செய்து, ஜான் பிங்கர்ட்டன் என்ற இஞ்சினீயரை வேலைக்கு எடுத்திருந்தது. யுத்த காலத்தில் 'ராடார்' ஆராய்ச்சியில் ஈடுபட்டவர் அவர். பிங்கர்ட்டன் ஒரு புத்திசாலித்தனமான முடிவு செய்தார். எட்ஸாக்கின் அமைப்பைக் கூடுமான வரை அப்படியே பின்பற்றுவது. ஆபீஸ் வேலைக்கு எது அவசியமோ அதை மட்டும் மாற்றுவது என்று தீர்மானித்தார். புதுமை செய்து பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. யந்திரம் ஓட வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

பாதரசக் குழாய்களும் ஆறாயிரம் வால்வுகளும்

யந்திரத்துக்கு 'லியோ' என்று பெயர் வைத்தார்கள். லயன்ஸ் எலெக்ட்ரானிக் ஆபீஸ் என்ற ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்கள் சேர்ந்து அந்தப் பெயர் வந்தது. லத்தீன் மொழியில் லியோ என்றால் சிங்கம். சிங்கத்துக்கு லண்டன் ஹாமர்ஸ்மித் பகுதியில் இருந்த 'காட்பி ஹால்' என்ற கம்பெனித் தலைமையகத்தில் குகை கிடைத்தது.

இன்றைய கைபேசியைப் பார்ப்பவர்களுக்கு லியோவின் உருவம் சிரிப்பை மூட்டும். ஒரு பெரிய கூடம் நிறைய இரும்பு அலமாரிகள். அவற்றில் ரேடியோப் பெட்டியில் இருப்பது போன்ற வால்வுகள், ஏறத்தாழ 6,000! எண்களை ஞாபகம் வைத்துக் கொள்ளப் பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்கள். குழாயின் ஒரு முனையில் ஒலித் துடிப்புகளாக நுழையும் எண்கள் பாதரசத்தில் நீந்தி மறு முனைக்கு வரும். வந்ததும் திரும்பவும் முதல் முனைக்கே அனுப்பப்படும். இப்படிச் சுற்றிக் கொண்டிருக்கும் வரையில் யந்திரத்துக்கு ஞாபகம் இருக்கும்.

வால்வு என்பது எப்போது வேண்டுமானாலும் அணைந்து போகக் கூடிய சாமான். விஞ்ஞானியின் கணக்கு நடுவில் நின்றால் மறுநாள் போட்டுக் கொள்ளலாம். வெள்ளிக்கிழமை சம்பளம் நின்றால்? பிங்கர்ட்டன் இதற்கு ஓர் உபாயம் செய்தார். வேலை தொடங்கும் முன்பு மின்சார அழுத்தத்தை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் யந்திரத்தைச் சோதிப்பார்கள். நோஞ்சான் வால்வுகள் அந்தச் சோதனையிலேயே அகப்பட்டுக் கொள்ளும். அவற்றை மாற்றிவிட்டு வேலையை ஆரம்பிப்பார்கள்.

வேறொரு சங்கடமும் இருந்தது. விஞ்ஞானியின் வேலையில் எண்கள் கொஞ்சம், கணக்கு அதிகம். ஆபீஸ் வேலையில் கணக்கு கொஞ்சம், எண்களோ மலைபோல். மின்னல் வேகத்தில் கணக்குப் போடும் யந்திரம், அடுத்த எண் வந்து சேருவதற்காகக் கைகட்டிக் காத்து நிற்கும்! இதைச் சமாளிக்க ஒரு வெளிக் கம்பெனியின் காந்த நாடாச் சாதனத்தை முதலில் நம்பினார்கள். அது ஒத்துவரவில்லை. காலம்தான் வீணாயிற்று. கடைசியில் ஆபீஸ்களுக்கு நன்கு பழக்கமான துளை அட்டைகளையும் காகித நாடாவையும் வைத்தே காரியத்தை முடித்தார்கள். ஒரு கணக்கு நடக்கும்போதே அடுத்த எண்களை உள்ளே வாங்கிக் கொள்ளும்படி அமைப்பைத் திருத்தினார்கள்.

குமாஸ்தாக்களே நிபுணர்கள் ஆனார்கள்

யந்திரம் தயாரானால் போதுமா? அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லித் தர வேண்டும். இன்று 'புரோகிராம்' எழுதுவது என்று சொல்கிறார்களே, அந்த வேலை. அன்று அதற்கென்று படித்தவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக் கூடியவர்களே.

இந்தப் பொறுப்பு டேவிட் காமினரிடம் வந்தது. 1936-ல் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். யுத்தத்தில் டுனீஷியப் போர்முனையில் ஒரு காலை இழந்து திரும்பியவர். வேலை முறைகளை ஆராயும் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். சுலபத்தில் திருப்தி அடையாத மனிதர் என்று அவருடன் பணி புரிந்தவர்கள் சொல்வார்கள். ஒரு புரோகிராம் சரியாக ஓடுகிறது என்றால் அவருக்குப் போதாது. தப்பான எண் உள்ளே வந்தால் என்ன ஆகும், ஒரு அட்டை காணாமற் போனால் என்ன ஆகும் என்று கேட்பார். எதிர்பாராதது வந்தாலும் யந்திரம் உளறக் கூடாது என்பது அவர் கட்டளை.

காமினருக்கு வேண்டிய ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் கம்பெனிக்குள்ளிருந்தே வந்தார்கள். ஆபீஸ் சிப்பந்திகளுக்குக் கம்ப்யூட்டர் பற்றி வகுப்பு நடத்தி, அதில் தேறியவர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். மேரி கூம்ஸ் என்ற பெண்மணி பல்கலைக் கழகத்தில் பிரெஞ்சு மொழி படித்தவர்; லயன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை பார்த்தவர். 1952-ல் அவர் லியோவின் புரோகிராம் எழுதும் குழுவில் சேர்ந்தார். வியாபார வேலைக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிய முதல் பெண்மணி என்று இன்று அவரைப் போற்றுகிறார்கள். அதே ஆண்டில் சேர்ந்த ஃபிராங்க் லாண்டு புள்ளி விவரப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவர். பிற்காலத்தில் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் அவர் பேராசிரியர் பதவி வகித்தார்.

யந்திரம் தெரிந்தவருக்கு வியாபாரத்தைக் கற்பிப்பதா, வியாபாரம் தெரிந்தவருக்கு யந்திரத்தைக் கற்பிப்பதா? லயன்ஸ் கம்பெனி இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. பன் எப்படி விற்கிறது என்று தெரிந்தவர்களே பன் கணக்கை யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

முதல் உத்தியோகம்

லியோவுக்கு முதலில் கொடுத்த வேலை பேக்கரிக் கணக்கு. ரொட்டி, கேக், பை முதலியவை எவ்வளவு உற்பத்தியாயின, அவை கடைகளுக்கும் வெளி வியாபாரத்துக்கும் எவ்வளவு போயின, அவற்றின் மதிப்பு என்ன என்பதை வாரந்தோறும் கணக்கிடும் வேலை அது. சம்பளக் கணக்கைப் போல அது தப்பினால் யார் வீட்டு அடுப்பும் அணையாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னால் பொருத்தமாகவே இருக்கும்.

1951 செப்டம்பர் 5-ந் தேதி பரீட்சார்த்தமாக அந்தக் கணக்கை லியோ போட்டது. நவம்பர் 29, 30 தேதிகளில் முழுப் பொறுப்பும் அதனிடம் வந்தது.

அடுத்தது சம்பளப் பட்டியல். இது விளையாட்டல்ல. பிரிட்டனில் 1944 முதல் வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக் கொள்ளும் முறை வந்திருந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒவ்வொரு வாரமும் வரிக் கணக்குப் போட வேண்டும். ஒரு குமாஸ்தாவுக்கு ஆள் ஒன்றுக்கு 8 நிமிஷம் ஆகும். லியோவுக்கு ஆனது 1½ விநாடி!

ஆனாலும் லயன்ஸ்காரர்கள் அவசரப்படவில்லை. யந்திரம் ஒரு பக்கம் போடும். குமாஸ்தாக்கள் வழக்கம்போல ஒரு பக்கம் போடுவார்கள். இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். வாரா வாரம் இந்தச் சோதனை நடந்தது. யந்திரம் நம்பத்தக்கது என்று தெளிந்த பிறகு, 1953-ம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில் 1,700 பேரின் சம்பளத்தை லியோ கணக்கிட்டது. பிறகு படிப்படியாக மற்றவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

இரட்டை வேலை செய்வதில் செலவு உண்டு, சிரமமும் உண்டு. ஆனால் சம்பளக் கவரைப் பிரித்து எண்ணிப் பார்க்கும் தொழிலாளிக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன கவலை? ஒரு ஷில்லிங் குறைந்தாலும் அவன் நம்பிக்கை போய்விடும். போன நம்பிக்கையை எந்த யந்திரமும் திரும்பக் கொண்டுவராது.

மாலை வேளையில் ஒரு டெலிபோன்

லியோ செய்த வேலைகளிலெல்லாம் அழகானது டீக்கடை ஆர்டர் வேலைதான். 1954-ல் அது ஆரம்பமாயிற்று.

ஒவ்வொரு டீக்கடையையும் ஒரு மானேஜர் அம்மாள் நடத்தி வந்தார். மறுநாளைக்குக் கேக் எத்தனை, ரொட்டி எத்தனை, பன் எத்தனை என்று ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே எண்ணை எழுதி அவர் தினந்தோறும் ஆர்டர் அனுப்ப வேண்டும். நாள் முழுவதும் நின்று களைத்த பிறகு இந்த எழுத்து வேலை வேறு!

அந்த ஆர்டர் பாரத்தை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறு ஸ்தாபனங்கள் அதைத்தான் செய்திருக்கும். காமினரின் ஆட்கள் வேறு விதமாக யோசித்தார்கள். ஒரு கடையில் போன திங்கட்கிழமை விற்றதற்கும் இந்தத் திங்கட்கிழமை விற்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ஒவ்வொரு கடைக்கும், வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிரந்தர ஆர்டரை யந்திரத்துக்குத் தெரிவித்துவிட்டார்கள். மானேஜர் அம்மாள் வித்தியாசத்தை மட்டும் சொன்னால் போதும். "நாளைக்குப் பக்கத்து மைதானத்தில் பந்தயம் நடக்கிறது, இருபது பன் அதிகம்" என்பது போல!

இதற்காகத் தலைமையகத்தில் பெண்கள் காதில் ஹெட்போனை மாட்டிக் கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குறித்த நேரத்தில் கடையுடன் டெலிபோனில் பேசுவார்கள். காதில் கேட்கும்போதே கை அட்டையில் துளை போடும். காகிதத்தில் எழுதுவது என்பதே கிடையாது. அட்டைகள் லியோவிடம் போகும். எந்தக் கடைக்கு எதை எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பட்டியல் அச்சாகி வரும். கடைக்குச் சாமானும் வந்து சேரும்.

இங்கே சேமிப்பு எதனால் வந்தது? யந்திரத்தின் வேகத்தால் வந்ததைவிட, "இந்தக் கேள்வியைத் தினமும் கேட்க வேண்டுமா?" என்று யோசித்ததால் வந்ததே அதிகம். மானேஜர் அம்மாளுக்கும் ஆறுதல். யந்திரம் வந்ததால் அவருக்கு வேலை குறைந்தது, கூடவில்லை. புதிய யந்திரத்தை ஊழியர்கள் வரவேற்பார்களா வெறுப்பார்களா என்பது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைப் பொறுத்ததுதான்.

குமாஸ்தாக்களின் கதி?

எட்டு நிமிஷ வேலையை ஒன்றரை விநாடியில் முடிக்கும் யந்திரம் வந்தால், அந்த எட்டு நிமிஷத்துக்குச் சம்பளம் வாங்கிய குமாஸ்தா என்ன ஆவார்? இது நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியை மூடி மறைக்கும் நிர்வாகி எவரும் மாறுதலைச் சரிவர நடத்த முடியாது.

லயன்ஸ் கம்பெனிக்குக் காலம் கைகொடுத்தது. யுத்தத்துக்குப் பிற்பட்ட லண்டனில் ஆபீஸ் வேலைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. விலகிப் போகிறவர்களும் அதிகம். எனவே யந்திரம் எடுத்துக் கொண்ட வேலைக்குப் புதிதாக ஆள் எடுக்காமல் இருந்தாலே ஓரளவு காரியம் நடந்துவிடும். சிலருக்கு யந்திரத்தைச் சுற்றியே புது உத்தியோகமும் கிடைத்தது.

ஆனால் எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் இந்த வசதி வாய்க்காது. இந்தியாவில் 1960-களில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் கம்ப்யூட்டர் கொண்டு வர முனைந்தபோது கல்கத்தா ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நாட்டில் அவர்களுடைய பயத்தை அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. 1980-களில் பாங்குகளில் கம்ப்யூட்டர் வந்தபோது, ஊழியர் சங்கங்களுடன் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் செய்து கொண்ட பிறகே காரியம் நகர்ந்தது. யந்திரத்தை வாங்கப் பணம் இருந்தால் போதும். அதைக் கூடத்துக்குள் கொண்டு வந்து வைக்க, அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் சம்மதமும் வேண்டும்.

சிங்கம் விலைபோயிற்று

லியோவின் புகழ் பரவியது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் 'மின்சார மூளை' என்று அதை வர்ணித்தன. வெளி ஸ்தாபனங்கள் தங்கள் வேலையையும் செய்து தரும்படி கேட்டு வந்தன. ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் சம்பளக் கணக்கை அது போட்டது. வானிலை ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. சரக்குக் கட்டணம் நிர்ணயிப்பதற்காக ஆயிரக்கணக்கான ரெயில்வே ஸ்டேஷன்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் கணக்கிட்டது.

1954-ல் லயன்ஸ் கம்பெனி 'லியோ கம்ப்யூட்டர்ஸ்' என்ற தனிக் கம்பெனியைத் தொடங்கி, யந்திரங்களை விற்கவும் முற்பட்டது. வில்ஸ் சிகரெட் கம்பெனி வாங்கியது. தென் ஆப்பிரிக்கச் சுரங்கக் கம்பெனி ஒன்று வாங்கியது. பிரிட்டிஷ் தபால் இலாகாவும் வாங்கியது. தபால் இலாகாவில் லியோ வம்சத்தின் கடைசி யந்திரங்கள் 1981 வரை உழைத்தன.

ஆயினும் கம்ப்யூட்டர் தொழில் பணத்தை விழுங்கும் தொழில். அமெரிக்காவின் ராட்சதக் கம்பெனிகளோடு ஒரு கேக் கம்பெனி எத்தனை நாள் போட்டி போட முடியும்? 1963-ல் லியோ கம்பெனி 'இங்கிலீஷ் எலெக்ட்ரிக்' கம்பெனியோடு இணைந்தது. மறு ஆண்டில் லயன்ஸ் தன் பங்கையும் விற்றுவிட்டது. முதல் லியோ யந்திரம் 1965 ஜனவரியில் ஓய்வு பெற்றது.

டீக்கடைகளின் கதி? ஜனங்களின் பழக்கம் மாறியது. புது மாதிரிச் சிற்றுண்டிக் கடைகள் வந்தன. பழைய டீக்கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1970-களில் வெளி நாடுகளில் கடன் வாங்கிக் கம்பெனிகளை வாங்கிய லயன்ஸ், பவுன் நாணயத்தின் மதிப்பு சரிந்தபோது திணறிப் போயிற்று. 1978-ல் 'அல்லைட் புரூவரீஸ்' என்ற மதுபானக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது.

எத்தனை பன் விற்றது என்று லியோ மிகத் துல்லியமாகச் சொன்னது. நாளை எத்தனை பன் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னது. பத்து வருஷம் கழித்து ஜனங்கள் பன் சாப்பிட வருவார்களா என்று அதனால் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். காகிதத்தைப் பார்த்து "இது எதற்காக?" என்று கேட்ட அதே கம்பெனி, தன் கடைகளைப் பார்த்தும், தான் வாங்கிய கடனைப் பார்த்தும் அந்தக் கேள்வியை அதே கண்டிப்புடன் கேட்டிருக்க வேண்டும்.

யந்திரம் கடைசியில் வந்தது

லயன்ஸ் கம்பெனி மறைந்தது லியோவின் தோல்வி ஆகாது. லியோவின் வெற்றியும் யந்திரத்தின் வெற்றி மட்டும் ஆகாது. வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும். கணித மேதையை வேலைக்கு எடுத்தது 1923-ல். வேலை முறைகளை ஆராயத் தொடங்கியது 1930-களில். கம்ப்யூட்டரைப் பற்றிக் கேள்விப்பட்டது 1947-ல். அது வேலைக்கு வந்தது 1951-ல். இருபத்தெட்டு வருஷக் கதையில் யந்திரத்துக்கு உரியது கடைசி நான்கு வருஷமே!

இன்றைய ஸ்தாபனங்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் யந்திரம் வருகிறது. பிறகு அதை இயக்க வெளியாள் வருகிறார். அதற்குப் பிறகுதான் ஆபீஸில் என்ன வேலை நடக்கிறது என்று விசாரணை ஆரம்பமாகிறது. பத்துக் கையெழுத்து வேண்டியிருந்த விண்ணப்பத்துக்கு இப்போது பத்து 'பாஸ்வேர்டு' வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகும், "எதற்கும் இருக்கட்டும்" என்று நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைக்கிறார்கள்.

இப்போது 'செயற்கை அறிவு' என்ற புதிய யந்திரம் வாசலுக்கு வந்திருக்கிறது. கடிதம் எழுதுகிறது, கேள்விக்குப் பதில் சொல்கிறது, படமும் போடுகிறது. பாதரசக் குழாய்ச் சிங்கத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் அதை உள்ளே அழைக்கும் தலைவர்கள் முன்பாக நிற்கும் கேள்விகள் புதியவை அல்ல. எந்த வேலையை அதனிடம் கொடுப்பது? எந்த வேலையை அடியோடு நிறுத்துவது? அது தப்புச் செய்தால் கண்டுபிடிக்கப் போகிறவர் யார்? இன்று அந்த வேலையைச் செய்கிறவர் நாளை எங்கே உட்காருவார்?

இவற்றுக்கு விடை தெரிந்த ஸ்தாபனத்துக்கு எந்த யந்திரம் வந்தாலும் உபயோகப்படும். விடை தெரியாத இடத்தில் பழைய குழப்பமே இன்னும் வேகமாக நடக்கும்; அவ்வளவுதான்.